வேலை அட்டை 2041-இல் ஒரு வரி

நவம்பர் 6, வியாழக்கிழமை. வேலை அட்டை எண் 2041. வண்டி: பதினேழு ஆண்டுப் பழைய ஆட்டோமேட்டிக் கார், சாம்பல் நிறம். ஓடிய தூரம்: 1,12,640 கிலோமீட்டர். உரிமையாளர்: ஓய்வு பெற்ற சர்வேயர், வயது எழுபத்து நான்கு. ஓட்டி வந்தவர்: அவருடைய மகன். சொன்னது: காலையில், குளிரில், வீட்டுச் சரிவில் நிற்கும்போது, கியர் பார்க்கிங்கிலிருந்து நகர மறுக்கிறது. கண்டது: கியரில் குறை இல்லை, கைக்குத்தான் வயதாகிவிட்டது. செய்தது: ஒன்றுமில்லை.

சொன்னது, கண்டது, செய்தது என்று மூன்று தலைப்புகள் கொண்ட இந்த அட்டை முறை என் அத்தை ஏற்படுத்தியது. மாமா மெக்கானிக், அத்தை பட்டறையின் முன்மேசையில் இருப்பவர். வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும், மாமா கண்டதை மாமா சொன்னபடியே எழுத வேண்டும், இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். பிற்பாடு அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. அப்படித்தான் 2041 என் கைக்கு வந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது மாமா சொல்லத் தயங்கியதை அத்தையும், அத்தை அறியாததை மாமாவும் சொன்னார்கள்.

மாமாவைத் தெருவில் யாரும் மெக்கானிக் என்று அழைப்பதில்லை. உடும்பு என்பார்கள். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்று பேர் கருவி போட்டும் கழலாத ஆயில் ஃபில்டர் ஒன்றை வெறுங்கையால் திருகிக் கழற்றினார். அன்று வைத்த பெயர். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அக்கம்பக்கத்தார் மூடி இறுகிய ஜாடிகளைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறார்கள். அவர் பேச்சை நிறுத்தாமலே திறந்து கொடுப்பார். எந்தப் பாகத்தையும் முதலில் கையால் அசைத்துப் பார்ப்பதுதான் அவர் வழக்கம். கை சொன்னால் சரி. அளவுகோல், மானி எல்லாம் கைக்கு அப்புறம்தான்.

நவம்பர் 6 அன்றும் கைதான் பார்த்தது. நேரம் பகல் பன்னிரண்டரை. வண்டி ஒன்பது கிலோமீட்டர் ஓடி வந்து, சமதளமான பட்டறைத் தரையில் சூடாக நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார், பின்விளக்கு எரிந்தது, கியர்ப் பூட்டு விடுபடும் ‘டிக்’ ஓசை கேட்டது. நெம்புகோலைப் பிடித்து பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என ஆறு முறை இழுத்துத் தள்ளினார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் வந்தது.

சர்வேயர் நாற்பது ஆண்டுகள் நிலத்தை அளந்தவர்; எதையும் நிபந்தனையோடு சொல்பவர். காலை, குளிர், சரிவு என்ற மூன்றையும் மறுபடியும் எடுத்துச் சொன்னார். “இப்ப வண்டி சூடா இருக்கு தம்பி. ஒரு நாள் காலையில வீட்டுக்கு வந்து பாருங்களேன்,” என்றார்.

மாமாவுக்கு அன்று வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்தன. சர்வேயரின் வலது மணிக்கட்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் முறிந்து கூடியது என்பதை மகன் ஏற்கெனவே காதோடு சொல்லி வைத்திருந்தார். அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்த மகன் வெகுநாளாகக் காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்பது மட்டும் மாமாவுக்குத் தெரியாது.

“கியருக்கு வயசாகல சார், கைக்குத்தான் வயசாயிடுச்சு,” என்று மாமா சிரித்தார். மகனும் சிரித்தார். சர்வேயர் தன் வலது கையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இதையுமா எழுத வேண்டும் என்று அத்தை கேட்டிருக்கிறார். எழுது, சட்டம் உன்னுடையதுதானே என்றிருக்கிறார் மாமா.

திரும்பும்போதும் மகனே ஓட்டினார். சாவி அன்று முதல் அவரிடமே இருந்தது.

சர்வேயரின் மனைவி அதற்கு முந்தைய ஆண்டிலிருந்து நினைவு மங்குவோருக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்தார். இல்லம் ஊருக்கு வெளியே, மேட்டில். பேருந்து அடிவாரத்தோடு நின்றுவிடும். அந்தக் கார் ஓடியதே பெரும்பாலும் அந்த வழியில்தான்: தினமும் மாலை நான்கு மணிக்குப் போய், ஆறுக்குத் திரும்புவது. நவம்பர் 7 முதல் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும், மகனுக்கு ஒழியும்போது அவருடைய வண்டியில் மட்டும் என்று ஆயிற்று. மாமா இதை அறியவில்லை. அவர் கேட்கவுமில்லை.

பிப்ரவரி 12 அன்று காலை ஆறரை மணிக்கு மகன் மாமாவை வீட்டுக்கு அழைத்தார். வண்டி சும்மா நிற்கிறது, விற்றுவிடலாம் என்று முடிவு. வாங்க வருபவருக்குக் காட்டுமுன் ஒருமுறை பார்த்துத் தர வேண்டும். இரவெல்லாம் பனி பெய்து கண்ணாடி வெளுத்திருந்தது. மாமா உட்கார்ந்து, இயக்கி, பிரேக்கை மிதித்து, நெம்புகோலை இழுத்தார்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார். உடும்பு என்று பெயர் வாங்கிய கை அது. மூன்றாம் முறை இரண்டு கையையும் போட்டபோதுதான் அரைமனதாக நகர்ந்தது. அந்த நொடியே அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் தெரியாதவர்போல முறையாகச் சோதித்தார். ஒருவேளை வேறு காரணம் கிடைத்துவிடாதா என்ற ஆசை.

முதலில் சரிவைச் சந்தேகித்தார். சரிவில் கைப்பிரேக் போடாமல் நிறுத்தினால் வண்டியின் எடை முழுவதும் கியர்பெட்டிக்குள் இருக்கும் பூட்டுப்பல்லின் மேல் உட்காரும், நெம்புகோல் இறுகும். அப்படியிருந்தால் பிழை நிறுத்தியவருடையது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, எடையைப் பல்லிலிருந்து விடுவித்தார். இறுக்கம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்து, நெம்புகோலையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கேபிளைப் பெட்டியின் முனையில் கழற்றினார். கேபிள் மாட்டியிருந்த பெட்டியின் சிறு தண்டை ஒற்றை விரலால் தள்ளினார். அது குழந்தைபோல் நகர்ந்தது. பெட்டியில் குறையில்லை. பிறகு உள்ளே வந்து, கேபிள் மட்டும் தொங்கும் நெம்புகோலை இழுத்தார். கல்லாக நின்றது. புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கேபிளின் மேலுறை விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அதன் வழியே நீர் புகுந்து உள்கம்பி துருவேறி, கிரீஸ் குளிரில் மெழுகாகியிருந்தது. ஒன்பது கிலோமீட்டர் ஓடினால் அதே புகைக்குழாயின் சூட்டில் இளகிவிடும். பட்டறைக்கு வந்து நிற்கும்போது ஒன்றும் தெரியாது.

காலை, குளிர், கொஞ்சம் சரிவு. சர்வேயர் சொன்ன நிபந்தனைகளில் பழுது அச்சு மாறாமல் இருந்தது.

அவர் அடியிலிருந்து வெளியே வந்தபோது சர்வேயர் கையில் தேநீரோடு வாசலில் நின்றிருந்தார். “உங்களுக்கும் வரலையா தம்பி?” என்று கேட்டார். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

“ரொம்ப நாள் நின்ன வண்டி சார். அதான் இறுகிப்போச்சு,” என்றார் மாமா.

சர்வேயர் தலையாட்டிவிட்டுத் தேநீரை அவரிடம் நீட்டினார். மாமா அதைக் குடித்தார். அந்தத் தேநீரைக் குடித்ததைத்தான் அவரால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

கேபிளைத் தற்காலிகமாக மாட்டி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அத்தை புதிய அட்டை எடுத்தார், எண் 2187. சொன்னது என்ற இடத்தில் மகன் சொன்னதை எழுதினார். கண்டது என்ற இடத்தில் பேனாவை நிறுத்திக் காத்திருந்தார். மாமா கை கழுவினார். துடைத்தார். மறுபடியும் கழுவினார்.

“கை வரலையா, வாய் வரலையா?” என்றார் அத்தை.

பிறகு எழுந்துபோய் 2041-ஐத் தேடி எடுத்துவந்து புதிய அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு அட்டையிலும் ஒரே வண்டி எண். மாமா பழைய அட்டையைக் கேட்டார். எதற்கு என்று அத்தை கேட்டபோது, அந்த ஒரு வரியை அடித்துவிடலாமே என்றார்.

“அவர் சொன்னதை எழுதினேன், நீங்க சொன்னதையும் எழுதினேன். அவர் சொன்னது இன்னும் சரியாத்தான் இருக்கு. உங்களுதை அடிச்சா என் பொட்டியில இருக்கற ரெண்டாயிரம் அட்டையும் பொய்யாயிடும்.”

அன்று பகல் சாப்பாட்டு மேசையில் அத்தை, திறக்காத ஜாடி ஒன்றை மாமாவிடம் நீட்டாமல், துணியைச் சுற்றித் தானே திறந்துகொண்டார். அது தற்செயல் என்கிறார் அத்தை. மாமா நம்பவில்லை.

பிப்ரவரி 13 அன்று காலை ஆறு மணிக்கு மாமா வாழ்நாளில் முதல்முறையாகக் கையை நம்பாமல் வேலை செய்தார். பயணப் பெட்டியின் எடை பார்க்கும் கொக்கித் தராசை நெம்புகோலில் மாட்டி இழுத்தார். இரவெல்லாம் வெளியில் நின்ற வண்டி: பதின்மூன்று கிலோ. அரைமணி நேரம் ஓட்டியபின்: நான்கு. மறுநாள் புதிய கேபிள் வந்து பொருத்தியபின், அடுத்த நாள் காலைக் குளிரில்: இரண்டு.

பிப்ரவரி 16, திங்கட்கிழமை. வண்டியையும் தராசையும் கொண்டு சர்வேயர் வீட்டுக்குப் போனார்; இறங்கியதும் சாவியை மகன் வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் சொல்லிப் பழகிய வாக்கியங்கள் வாசலுக்கு வந்ததும் மறந்துபோயின. “நான் தப்பா சொல்லிட்டேன் சார். நவம்பர்லயே கேபிள்தான். காலையில இழுக்க பதின்மூணு கிலோ கேட்டுச்சு, இப்ப ரெண்டுதான். நாலு நாளைக்கு முன்னாடி இங்க வந்தப்போ சொன்னதும் பொய். உங்க கையில ஒண்ணுமில்ல,” என்றார்.

மகன் குறுக்கிட்டார்: நடந்தது நடந்துவிட்டது, வண்டி விற்கப்போகிறது, இப்போது இதைக் கிளறி என்ன பயன். மாமா தராசின் ஒரு முனையைத் தூணில் மாட்டி மறுமுனையைச் சர்வேயரிடம் கொடுத்தார். வலது கையால் இழுத்தார் அவர். ஒன்பது கிலோ. இழுத்த கையை விடாமலே குனிந்து, இடக்கையால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முள்ளை அவரே படித்தார். இன்னொரு முறை இழுத்துச் சரிபார்த்தார். மறுபடியும் ஒன்பது.

“பதின்மூணு வேண்டியிருந்தது. ஒம்போது இருந்தது,” என்றார் சர்வேயர். மகனிடம் கையை நீட்டினார். மகன் சாவியைக் கொடுத்தார்.

மாலை மூன்றரைக்குக் கிளம்பினார்கள். ஓட்டிப் பார்க்கும்போது கூட இருங்கள் என்று சர்வேயர் கேட்டதால் மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே போகிறோம் என்று அவருக்குத் தெரிந்ததே மேட்டுச் சாலை ஏறும்போதுதான். சர்வேயர் மெதுவாக, பிசகில்லாமல் ஓட்டினார். சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக்கை இழுத்து, பிறகே பார்க்கிங்கில் போட்டார். அந்த மனிதர் அதை ஒருநாளும் மறந்திருக்க மாட்டார் என்று மாமாவுக்குப் பட்டது.

இல்லத்தின் ஜன்னலோரத்தில் சர்வேயரின் மனைவி தலை சீவி உட்கார்ந்திருந்தார். கணவரைப் பார்த்ததும் மரியாதையாக நிமிர்ந்தார்.

“வாங்க சார், உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்தான். தினமும் நாலு மணிக்கு வந்துடுவார்.”

“சரிம்மா. நான் காத்திருக்கேன்,” என்று சர்வேயர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து மாமாவின் பக்கம் சாய்ந்து, “நாப்பத்தாறு வருஷத்துல இந்த மரியாதை கிடைச்சதில்ல தம்பி,” என்றார்.

எப்போதிலிருந்து இப்படி என்று மாமா நடைவழியில் செவிலியரிடம் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியிலிருந்து என்றார் அவர். தினமும் வந்திருந்தால் நினைவிருந்திருக்குமா என்று கேட்டதற்கு, அது யாராலும் சொல்ல முடியாது, எப்படியும் ஒருநாள் வந்திருக்கும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். மாமா அதில் ‘எப்படியும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை.

இல்லத்தின் முன்மேசையில் பார்வையாளர் பதிவேடு இருக்கிறது. தேதி, வந்தவர், உறவு, வந்த நேரம், போன நேரம். சர்வேயர் உள்ளே இருந்த மீதி நேரமெல்லாம் மாமா அதன் பக்கங்களை நவம்பர் 6 வரை பின்னோக்கிப் புரட்டி, சர்வேயர் வந்த நாட்களை விரல்விட்டு எண்ணினார். பட்டறைக்குத் திரும்பியதும் அத்தையிடம் இரண்டு அட்டைகளையும் கேட்டு வாங்கினார். 2041-இல் எதையும் அடிக்கவில்லை. 2187-இல் கண்டது என்ற இடத்தில், முதல்முறையாகத் தன் கையெழுத்திலேயே எழுதினார்:

கேபிள் உறை வெடிப்பு, உள்ளே துரு. உரிமையாளர் சொன்னது சரி. கை: ஒன்பது கிலோ. நவம்பர் 7 முதல் பிப்ரவரி 15 வரை நாட்கள்: 101. வந்தவை: 13. வராதவை: 88.