ஒரு தலை, இரண்டு கட்டம்

பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த அம்மாளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் 'மேடம்'. முதுகு திரும்பியதும் 'தலையெண்ணி'. துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக் காவலாளி வரைக்கும் இதுதான் வழக்கம். விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. "தலையைத்தானே எண்ணறேன்? வாலையா எண்ணறேன்?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்ப்பாள்.

அவள் வேலை வருடத்துக்கு ஒரு புத்தகம். எந்தத் துறையில் எத்தனை மாணவர்கள், புதிதாக வந்தவர்கள் எவ்வளவு, பாதியில் விட்டுப் போனவர்கள் எவ்வளவு, ஆசிரியர்கள் எத்தனை பேர், அலுவலகத்தில், ஆய்வகத்தில், தோட்டத்தில், பராமரிப்பில் எத்தனை பேர் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். ஒருவரும் அதை முழுதாகப் படித்ததில்லை. ஆனால் ஒரு துறைக்கு இன்னொரு ஆசிரியர் கிடைப்பாரா மாட்டாரா என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் முடிவாகும். அதனால் கணக்கெடுப்பு நெருங்கினாலே துறைத்தலைவர்களுக்கெல்லாம் அவள் மேல் தனி மரியாதை வந்துவிடும். மற்ற மாதங்களில் எதிரே வந்தாலும் கண்டுகொள்ளாதவர்கள்கூட, "என்ன மேடம், இளைச்சுட்டீங்களே" என்பார்கள். அவள் இளைத்ததாக வீட்டிலிருக்கும் கண்ணாடி ஒருநாளும் சொன்னதில்லை.

வகுப்புகள் தொடங்கிய இரண்டாம் மாதத்தின் கடைசி வேலைநாளுக்கு 'எண்ணும் நாள்' என்று பெயர். அன்றைக்கு யார் பெயர் பதிவில் இருக்கிறதோ அவர் மாணவர். மறுநாள் அவர் நிலவுக்கே போனாலும் இவளுக்குக் கவலையில்லை. ஆசிரியர் கணக்கு வேறு மாதிரி. பகுதிநேர ஆசிரியர் இருவர் சேர்ந்தால்தான் ஒரு ஆள். இது தெரியாமல் பட்டியலைப் பார்த்துவிட்ட இசை ஆசிரியர் ஒருவர், "நான் என்ன பாதி மனுஷனா?" என்று நேரே வந்து சண்டைக்கு நின்றார்.

"வாரத்துல எத்தனை வகுப்பு சார் எடுக்கறீங்க?"

சொன்னார்.

"அப்போ பாதிகூட இல்ல சார். நான்தான் பெரிய மனசு பண்ணிப் பாதின்னு போட்டிருக்கேன்."

அன்றிலிருந்து அவர் இவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

இன்னொரு முறை இயற்பியல் துறை, தன் ஆராய்ச்சி மாணவர்களை மாணவர் பட்டியலிலும் காட்டி, ஆய்வகத்தில் அவர்கள் சொல்லிக்கொடுப்பதால் ஆசிரியர் பட்டியலிலும் காட்டியது. மாணவரும் அதிகம், ஆசிரியரும் அதிகம். பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. "ஒரு தலைக்கு ஒரு கட்டம்தான். எதுன்னு முடிவு பண்ணி அனுப்புங்க" என்று திருப்பிவிட்டாள். அவர்கள் எவ்வளவோ தலைகீழாக நின்று பார்த்தார்கள். நடக்கவில்லை. அவ்வளவு கறாரான ஆள்.

இந்தக் கறாரெல்லாம் ஒரே மகள் விஷயத்தில் காற்றில் போனதைத்தான் சொல்ல வந்தேன்.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் இரண்டாம் ஆண்டு. நல்ல மதிப்பெண் வாங்கி உள்ளே வந்தவள். அவள் சேர்ந்த வருடம் வேதியியல் முதலாண்டுக் கட்டத்தில் எண்ணைப் போட்டபோது தலையெண்ணி பேனாவை மூடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த எண்ணில் ஒன்று தன் பிள்ளை என்று அவளுக்கு அத்தனை பெருமை. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். அவர் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருப்பவர். எதையும் அலுங்காமல் வாங்கி அலுங்காமல் வைக்கும் சுபாவம். "சந்தோஷம்" என்றார். அவரைப் பொறுத்தவரை அதுவே நீண்ட பேச்சு.

இந்த வருடம் எண்ணும் நாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாள் மதியம், மூவரும் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கையிலிருந்த தலையணை உறையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் படிப்பை விடப் போறேன். பராமரிப்புப் பிரிவுல எலக்ட்ரிகல் ட்ரெய்னிக்கு ஆள் எடுத்தாங்க. போட்டிருந்தேன். கிடைச்சிருச்சு."

"எந்தப் பராமரிப்புப் பிரிவு?"

"உன் பல்கலைக்கழகத்துதான்."

"ஏணி ஏறி பல்பு மாட்டவா உன்னைப் பெத்தேன்?"

"பல்பு மட்டும் இல்லம்மா, ஃபேனும் மாட்டணும்."

கணவர் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார். தலையெண்ணி பொரிந்து தள்ளிவிட்டாள். எப்போ போட்டே, யார் கூட்டிக்கிட்டுப் போனா, அப்பாவுக்குத் தெரியுமா, எத்தனை நாளா இது நடக்குது, என் ஆபீஸ்ல எவனெவன் சிரிக்கிறான் என்று கேள்வி மேல் கேள்வி. மகள் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கடைசியில், "நாளைக்குத் துறையில விலகல் கடிதம் குடுத்துடறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

சொன்னபடி கொடுத்தும் விட்டாள். அதற்கு மறுநாள் தலையெண்ணி வேதியியல் துறை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தராக இருந்தவள் அவளுக்கு நல்ல பழக்கம்.

"அக்கா, உங்க பொண்ணு லெட்டர் குடுத்திருக்கா, தெரியுமா?"

"தெரியும். எண்ணும் நாள் போகட்டும். அதுவரைக்கும் அதை உள்ளே வெச்சிரு."

"நீங்களா அக்கா இப்படிச் சொல்றீங்க?"

"நான்தான் சொல்றேன்."

எழுத்தர் வேறு பேச்சு பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து, கடிதத்தை உள்ளே தள்ளி மூடினாள்.

தலையெண்ணியின் கணக்கு இதுதான். எண்ணும் நாளில் பதிவில் இருப்பவருக்கு அடுத்த வருடம் வரை இடம் உண்டு; திரும்பி வந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஏணியும் தூசியுமாக நாலு மாதம் போனால் பெண்ணுக்கு அலுத்துவிடும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும். தாய் செய்கிற நல்லது பிள்ளைக்கு இப்போது புரியாது, பிறகு புரியும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

எண்ணும் நாள் வந்தது. பட்டியல்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. வேதியியல் இரண்டாம் ஆண்டில் மகள் இருந்தாள். பராமரிப்புப் பிரிவின் பயிற்சியாளர் வரிசையிலும் இருந்தாள். ஒரு தலை, இரண்டு கட்டம். இயற்பியல் துறையைத் திருப்பி அனுப்பிய அதே மேசை, அதே நாற்காலி. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் இரண்டையும் அப்படியே விட்டாள். பிரிவுத் தலைவர் கண்ணாடியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், "நீங்க பாத்தா போதும் மேடம்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

புத்தகம் அச்சுக்குப் போனது. மகளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெரிய ஏணியின் முன்முனையை ஃபோர்மேனும் பின்முனையை இவளுமாகத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் போவதைத் தலையெண்ணி ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வீட்டில் அந்தப் பெண் நன்றாகப் பசித்துச் சாப்பிட்டாள், படுத்ததும் தூங்கினாள், குளிக்கும்போது கர்ண கடூரமாகப் பாடினாள். முந்தின வருடம் முழுக்க இந்த மூன்றில் ஒன்றும் இல்லை. தந்தை கவனித்தார். தாய் கவனிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள்.

புத்தகங்கள் அச்சாகி வந்து மூலையில் அடுக்கியிருந்த ஒருநாள், மகள் முதல்முறையாகத் தாயின் அறைக்கு வந்தாள். வேலைச் சட்டை, பையில் டெஸ்டர், முழங்கையில் சுண்ணாம்பு. முகம் மட்டும் வாடியிருந்தது.

"அம்மா, ஒரு உதவி. பணியாளர் பிரிவுல எங்களையெல்லாம் நிரந்தரம் பண்றதுக்குச் சரிபாக்கறாங்க. நான் இன்னும் முழுநேர மாணவின்னு பதிவு காட்டுதாம். மாணவியா இருந்தா வேலையில இருக்கக் கூடாதாம். ரெண்டு நாள்ல சரி பண்ணலன்னா இடத்தை அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்கன்னு ஃபோர்மேன் சொல்றாரு."

தலையெண்ணி மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கினாள்.

"என் லெட்டரைத் துறையில தொலைச்சிட்டாங்க போல. நீ ஒரு வார்த்தை சொன்னா தேடி எடுப்பாங்கம்மா. உன் பேச்சைத்தான் எல்லாரும் கேப்பாங்களே."

தலையெண்ணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். தொலைந்துவிட்டது என்றே சொல்லிவிடலாம். எழுத்தர் காட்டிக்கொடுக்க மாட்டாள். இரண்டு நாள் இழுத்தடித்தால் வேலையும் போய்விடும். பெண் தானாகப் படிப்புக்குத் திரும்புவாள். கேட்டதெல்லாம் கைக்கு வந்து நிற்கிறது. ஆனால் எதிரே நிற்கிற பிள்ளை, உதவி செய்வாள் என்று நம்பி அம்மாவிடம் வந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

"தொலையல. நான்தான் வெச்சிருக்கச் சொன்னேன்."

மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு?"

"நீ திரும்பி வருவேன்னு."

"வரலைன்னா?"

"அதை நான் யோசிக்கவே இல்ல."

மகள் கத்தவில்லை. மூலையில் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்தாள். "விட்டுப் போனவங்கன்னு அதுல ஒரு கட்டம் இருக்கு இல்ல? இத்தனை வருஷத்துல எத்தனை பேரை அதுல போட்டிருப்பே. அவங்கள்லாம் செத்தாம்மா போனாங்க?"

தலையெண்ணி எழுந்து நேரே பிரிவுத் தலைவர் அறைக்குப் போனாள்.

"சார், புத்தகத்துல தப்பு இருக்கு. ஒரு ஆளை ரெண்டு இடத்துல எண்ணியிருக்கு."

"எந்தத் துறைக்காரங்க செஞ்சது?"

"நான் செஞ்சது. தெரிஞ்சே செஞ்சேன். வேதியியல்ல ஒண்ணு குறையணும்."

அவர் இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "யாரு அந்த ஆள்?"

"என் பொண்ணு சார். வெளியே இருக்கா."

அவர் புத்தகத்தை எடுத்து வேதியியல் பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "எல்லாப் பிரதியிலயும் திருத்தச் சீட்டு ஒட்டணும். உங்ககிட்ட விளக்கம் கேட்டு நான் எழுதியாகணும், மேடம்" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"எழுதுங்க சார். பதில் தரேன்."

தாயும் மகளும் வேதியியல் துறைக்கு நடந்தார்கள். எழுத்தர் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அதோடு இணைக்க ஒரு விலகல் படிவமும் எடுத்தாள். அதில் காரணத்துக்கு ஓர் இடம்: உடல்நலம், குடும்பச் சூழல், வேறு நிறுவனம், தெரியவில்லை. ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். எல்லாத் துறைக்காரர்களும் கண்ணை மூடிக்கொண்டு 'தெரியவில்லை'யில்தான் போடுவார்கள். தலையெண்ணியும் அதை ஒருநாளும் கேட்டதில்லை. எழுத்தரின் பேனா பழக்கத்தில் அங்கேயே போனது.

"இரு, இரு" என்று தலையெண்ணி தடுத்தாள். மகள் பக்கம் திரும்பினாள். "காரணம் என்ன? ஏன் விட்டே?"

"நிஜமா கேக்கறியா?"

"ஆமா."

மகள் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். "போன வருஷம் பூரா பஸ்ஸை விட்டு இறங்கினாலே எனக்கு வயித்தை வலிக்கும். உனக்கு ஞாபகம் இருக்கா? நீ மாத்திரை குடுத்து அனுப்புவே. மனப்பாடம் பண்ணேன், மார்க் வந்துச்சு. ஆனா என்ன பண்றேன்னு எனக்கே புரியல. ஒருநாள் லேப்ல கரண்ட் போச்சு. எல்லாரும் வெளியே போனாங்க. நான் எலக்ட்ரீஷியன் பின்னாலயே போய் நின்னேன். எந்த ஒயர் எங்க போகுதுன்னு அவர் காட்டினாரு. அந்தக் கட்டடத்துல எனக்குப் புரிஞ்ச முதல் விஷயம் அதுதான். அன்னைக்கு வயித்து வலி வரல."

தலையெண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மாத்திரைகளை அவள்தான் தினமும் தண்ணீர் பாட்டிலோடு எடுத்து வைத்தாள்.

"இதை ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"எப்போ, யாரு, எத்தனை நாளான்னு எல்லாம் நீ கேட்டேம்மா. ஏன்னு மட்டும் கேக்கவே இல்ல." மகள் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் படிவத்துல எழுதணுமேன்னுதான் கேக்கறே."

எழுத்தர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தாள். தலையெண்ணி ஒரு நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"படிவம் கெடக்கட்டும். நீ முதல்லேருந்து சொல்லு."