அரையிறுதி நாளில் மாறிய ஷிஃப்ட்

என் அண்ணன் படித்த கல்லூரியின் கால்பந்து அணி அந்த வருஷம் வரை எந்தப் போட்டியிலும் இரண்டாவது ஆட்டத்தைப் பார்த்ததில்லை. முதல் ஆட்டத்தில் தோற்று, கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேரும் நல்ல பிள்ளைகள் அவர்கள். வாலாஜாபாத்தில் ஒருமுறை ஆட்டம் முடிவதற்கு முன்பே பொட்டலம் கேட்டு வாங்கிவிட்டார்கள் என்று அப்பா கேலி செய்வார்.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. அணியில் பாதிப் பேருக்குக் காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஒரகடத்துக் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை. பயிற்சி என்றால் விடிவதற்கு முன்னால், கண்ணில் பீளையோடு. யாருக்கு என்ன ஷிஃப்ட் என்று விசாரித்துத்தான் பி.டி. மாஸ்டர் பதினோரு பேரைப் பொறுக்குவார். திறமையெல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்த வருஷம் அணிக்கு ஒரு கோல் கீப்பர் வந்தார். எங்கள் வடக்குப்பட்டு வீட்டின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். இங்கே இரும்புத் தகட்டை மிஷினில் அழுத்தி வார்க்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்து, அதில் சேர்த்ததை வைத்துக் கல்லூரியில் சேர்ந்து, படிப்புக்காக வேலையை விட்டிருந்தார். நான் அவரை மாடி அண்ணன் என்று கூப்பிடுவேன். நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு அவர் எட்டாத உயரம். பந்து எங்கே போனாலும் அவர் கை அங்கே முன்னமே போய்க் காத்திருக்கும்.

அம்மாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது. தண்ணீரை அதிகம் செலவழிக்கிறார், சேறு அப்பிய கையுறையை எங்கள் துணிக்கொடியில் காயப்போடுகிறார், மாடியில் பந்தைத் தட்டித் தட்டி சிமெண்டைப் பெயர்க்கிறார் என்று தினமும் ஒரு புகார் இருக்கும். "எம் புள்ளைய இவன்தான் கெடுக்கறான்" என்பாள். அண்ணன் கெட்டுப்போகவில்லை. முன்வரிசையில் ஆடி, ஆட்டத்துக்கு ஆட்டம் கோல் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் மாடி அண்ணன் நிற்கிற தைரியம் அவனுக்கு. அணி முதல் ஆட்டத்தில் ஜெயித்தது, இரண்டாவதில் ஜெயித்தது, கால் இறுதியிலும் ஜெயித்தது. கல்லூரியில் யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மாஸ்டர் புதிதாக ஒரு விசில் வாங்கினார்.

ஆனால் கால் இறுதியில் மாடி அண்ணன் நடுவரிடம் சண்டைக்குப் போய்ச் சிவப்பு அட்டை வாங்கிவிட்டார். அரையிறுதியில் ஆட முடியாது, இறுதிக்குத்தான் வரலாம். அண்ணனுக்கோ வேறு சிக்கல். அரையிறுதி நடக்கும் நாளில் அவனுக்கு மதிய ஷிஃப்ட். ஏற்கெனவே கால் இறுதிக்காக லீவு போட்டாயிற்று. இன்னொரு நாள் வரவில்லையென்றால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தான்.

இதற்கு எங்கள் பக்கத்துப் பையன்களிடம் ஒரு வழி இருந்தது. கான்ட்ராக்டருக்குத் தேவை ஆள் கணக்கு. தலை குறையக் கூடாது, அவ்வளவுதான். அதனால் வர முடியாதவன் தன் கம்பெனி அடையாள அட்டையை இன்னொருவனிடம் கொடுத்து அனுப்புவான். கேட்டில் அட்டையின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். அதிலிருந்த படமோ, மீசை அரும்பிய எந்தப் பையனுக்கும் பொருந்தும். கல்யாணத்துக்கு, காய்ச்சலுக்கு, பரீட்சைக்கு என்று எல்லாரும் செய்ததுதான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

"நான் சும்மாதானல இருக்கேன். ஒன் ஷிஃப்டுக்கு நான் போறேன். பிரஸ் வேலை எனக்குத் தெரியாததா? நீ போயி கோலைப் போடு" என்றார் மாடி அண்ணன். எங்கள் வாசலில் நின்றுதான் அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து, "பாப்பா, இன்னைக்கு நாந்தான் ஒங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்.

அன்று சாயங்காலம் அம்மாவின் போன் அடித்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு போன் கையிலிருந்து நழுவியது. "எம் புள்ள கை மிஷின்ல மாட்டிகிச்சாமே!" என்று மார்பில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. அவள் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்த அட்டை மாற்றம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அவள் ஓடிய ஓட்டத்தில் எனக்கும் மறந்துபோய் நானும் அழுதேன்.

தெருமுனையில் பைக்குகள் திரும்பின. ஹாரன் அடித்துக்கொண்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு அணி மொத்தமும் வந்தது. அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள். நடுவில், கழுத்தில் யாரோ போட்ட சாமந்தி மாலையோடு அண்ணன். அம்மா கூட்டத்துக்குள் புகுந்து அவன் இரண்டு கையையும் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வாய்விட்டு, தெருவே கேட்கும்படி சிரித்தாள். "நீ இல்லியா? சாமி, நீ இல்லியா? நல்லாகீறியா?" என்று அவன் விரல்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அண்ணனுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மாலையைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டான். பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றன.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் கம்பெனி சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு அட்டை மாற்றம் தெரியும். தெரிந்தே விட்டவர். உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, நல்லா கேட்டுக்கோ. ரெண்டு வெரல் நசுங்கிப்போச்சி, ஆபரேஷன் பண்ணப் போறாங்க. அங்க படுத்துகினு கீறவன் உம் புள்ள. பேரு உம் புள்ள பேரு. வேற எதுனா சொன்னா, வெளியாளு உள்ள எப்பிடி வந்தான்னு கேப்பாங்க. அப்பால அவனுக்கு வைத்தியமும் கெடையாது, நஷ்ட ஈடும் கெடையாது. தூக்கி ரோட்டுல வுட்டுருவாங்க."

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன்" என்றான் அண்ணன்.

"சொன்னா அவன் கைய யாருடா பாக்குறது?" என்று கேட்டாள் அம்மா. அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அவர் ஓட்டியதும் ஒரு கம்பெனி பஸ்தான்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பெயர்கள் இடம் மாறின. ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் கம்பெனி சேர்த்த ஆஸ்பத்திரியில் மாடி அண்ணன் என் அண்ணனாகப் படுத்திருந்தார். என் அண்ணன் வீட்டுக்குள் யாராகவும் இல்லாமல் அடைந்து கிடந்தான். கம்பெனி ஆட்கள் யாராவது எட்டிப் பார்த்தால் என்ன செய்வதென்று, வாசல் பக்கம் வரும்போதெல்லாம் வலது கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வான். எனக்கு இதெல்லாம் பெரிய விளையாட்டாக இருந்தது. ஒரு அண்ணனுக்கு இரண்டு அண்ணன். ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும், "எங்க கூடப் பொறந்த அண்ணன்" என்று சொல்ல வேண்டும். நான் தப்பே விடாமல் சொன்னேன்.

என்னைவிட அம்மா நன்றாகச் செய்தாள். தண்ணீர்க் கணக்குப் பார்த்தவள், தினமும் ரசம் சாதம் பிசைந்து தூக்கில் எடுத்துப்போய் அவருக்கு ஊட்டினாள். கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி பழக்கூடையோடு வந்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டபோது, "பெத்தவ சார்" என்று சொல்லி, அந்தக் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை அழுதாள். அதிகாரியின் கண்ணே கலங்கிவிட்டது. அவர் போய் வெகுநேரம் ஆகியும் அம்மா நிறுத்தவில்லை.

"அவர்தான் போய்ட்டாரேம்மா. இன்னும் ஏன் அழுவுற?" என்று நான் காதோடு கேட்டேன். மாடி அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இறுதி ஆட்டம் நெருங்கியது. கோப்பை கொடுக்கப்போவது அதே கம்பெனி. அதிகாரிகள் முன்வரிசையில் உட்காருவார்கள், ஆட்டக்காரர்களோடு கை குலுக்குவார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பதாகக் கணக்கில் இருக்கும் அண்ணன் தன் பெயரில் இறங்க முடியாது. பி.டி. மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"கீப்பர் பையன் பேரு லிஸ்ட்ல இருக்குது. நீ அவன் பேர்ல எறங்குடா. எவனுக்குத் தெரியப்போவுது?"

"வேணாம் சார். பேரு மாத்துனது போதும்."

"காலேஜ் ஆரம்பிச்சதுலேர்ந்து இங்க வந்ததே இல்லடா. இன்னொரு தபா வராது."

"தெரியும் சார்" என்றான் அண்ணன். மாஸ்டர் அவன் தோளில் கை வைத்தார், எடுத்தார், போய்விட்டார். அந்த அணிக்காக அவ்வளவு அலைந்த மனுஷன் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

இறுதி ஆட்டத்தை நான் ஆஸ்பத்திரியில்தான் கேட்டேன். மைதானத்திலிருந்து மாற்று ஆட்டக்காரன் ஒருவன் போனில் சொல்லிக்கொண்டே வர, மாடி அண்ணன் இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "புதுக் கீப்பர முன்னால ஏறி வரச் சொல்லாதல! லைன்லயே நிக்கச் சொல்லு அவன!" என்று கத்தினார். நர்ஸ் வந்து அதட்டினாள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் புது கீப்பர் ஏறி வந்தான். பந்து தலைக்கு மேலே போய் உள்ளே விழுந்தது. ஒரே ஒரு கோல். அதுதான் முடிவு.

"சே, சும்மா ஒசரமா வந்த பந்துல. நான்னா ஒத்தக் கையில..." என்று வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. கட்டுப் போட்ட அந்தக் கையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கித் தலையணையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவர் ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய சொந்த அம்மா. கை விஷயத்தை அவர் ஊருக்குச் சொல்லவில்லை. "தோத்துட்டோம்மா... ஆமா, ஒரு கோலு... சாப்ட்டேன், சாப்ட்டேன்... குரலு ஒண்ணும் இல்லம்மா, கத்திக் கத்தி கட்டிப்போச்சி" என்றார். என் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட்டுப் பிரித்து, கம்பெனி கொடுத்ததை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போனார். பரீட்சைக்கு வருவார் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான். பரீட்சை வந்தது, அவர் வரவில்லை. அண்ணனும் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. அணி அடுத்த வருஷம் வழக்கம்போல முதல் ஆட்டத்தில் தோற்றது.

பரீட்சை முடிந்த கோடை லீவில் ஒருநாள் காலை, மாடி அறையைக் காலி செய்ய அவர் வந்தார். கூடவே அவருடைய அம்மாவும். ஒல்லியான மனுஷி, கழுத்தில் சிலுவை டாலர். ஒரு கையில் கருப்பட்டி நிறைந்த ஓலைக் கொட்டான், இன்னொரு கையில் கருவாட்டுப் பொட்டலம். தான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் கூப்பிட்டார்கள் என்று போனதாகவும், அங்கே கையில் பட்டுவிட்டதாகவும்தான் மகன் அவரிடம் சொல்லியிருந்தார். அட்டை மாறியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த அம்மாள் வாசலிலேயே என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எக்கா, நான் பாக்காத கொறைக்கு நீங்க பாத்திருக்கீங்க. பெத்த தாயா ஆசுபத்திரில கூடவே இருந்தீங்களாம், சோறு ஊட்டுனீங்களாம். எல்லாம் சொன்னான். எம் புள்ளைய ஒங்க புள்ளையாட்டம் நெனைச்சீங்களே, ஒங்க புள்ளைக்கு ஒரு கொறையும் வராதுக்கா. ஆண்டவர் ஒங்க புள்ளைய நல்லா வச்சிருப்பாரு."

சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்ற அண்ணனின் வலது கையை எடுத்து முத்தமிட்டார். அண்ணன் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அவரும் எங்க அண்ணன்தான். நான் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்" என்றேன்.

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். "உக்காருங்க, இட்லி வெந்துடுச்சி. சட்னி மட்டும் அரைச்சுட்டு வந்துடறேன்" என்று முகத்தைக் காட்டாமல் சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். மிக்ஸி ஓடத் தொடங்கியது.

அம்மாவுக்குப் புகழ்ந்து பேசினால் பிடிக்கும். யாராவது குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி வைத்தாள் என்று அரைமணி நேரம் பேசுவாள். இவ்வளவு பெரிய புகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஏன் போனாள் என்று எனக்கு விளங்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மாடி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிக்ஸி நிற்கவேயில்லை. இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

கடைசியில் நான் எழுந்து உள்ளே போனேன். அம்மா ஒரு கையால் மிக்ஸி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்தபடி குலுங்கிக்கொண்டிருந்தாள். மூடி வழியே ஜாருக்குள் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"அம்மா, தேங்காய் போட மறந்துட்டியே" என்றேன்.