கை காட்டினால் நிற்கும் ரயில்

மாலை நாலு பத்துக்கு ரயில் எங்கள் ஊரில் நிற்காமல் போனது.

நடைமேடையில் நான் ஒருத்திதான் இருந்தேன். எஞ்சின் தூரத்தில் தெரிந்ததுமே கையைத் தூக்கி ஆட்டினேன். டிரைவரும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பதிலுக்கு ஆட்டினார். சிரித்த முகம். வேகம் மட்டும் குறையவில்லை. மூன்றாவது பெட்டியின் திறந்த வாசலில் என் மகள் நின்றிருந்தாள். பதினோரு வயது. ஒரு கையில் கம்பி, மறு கையில் நீலப் பிளாஸ்டிக் கூடை. வாய் அசைந்தது தெரிந்தது; சத்தம் கேட்கவில்லை.

ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றுவதற்காகக் கட்டிய நிலையம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக நான் வந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். டிக்கெட் சன்னல், மூட்டை நிறுக்கும் தராசு, தந்தி எல்லாம் இருந்தன. பிரசவத்துக்கு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணை அவரே ரயில் கார்டிடம் ஒப்படைத்து, நல்ல இடம் பார்த்து உட்கார வைப்பார். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் லாரியில் போகத் தொடங்கியது. மாஸ்டர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. சன்னலில் பலகை அடித்தார்கள். அதன்பின் இறங்குகிறவர் கார்டிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஏறுகிறவர் கை காட்டவேண்டும் என்று ஆனது.

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் இருக்கும் என் தங்கைக்கு இது தெரியாது. கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் காரில்தான் வந்துபோகிறாள். அவளைப் பொறுத்தவரை ரயில் எங்கள் ஊரில் தானாகவே நிற்கும். விடுமுறைக்கு வந்த பிள்ளையை ஏற்றிவிட்டாள். கார்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் கை காட்டினால் போதும் என்று நானும் இருந்தேன்.

ரயிலின் பின்னால் தண்டவாளத்தோடு ஓடினேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ரயில் நிற்காது என்று தெரிந்துவிட்டால், வளைவில் அதன் வேகம் தளரும்போது முதலில் மூட்டையைப் போடுவார்கள், அடுத்து குதிப்பார்கள். என் மகள் அதைப் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

ரயில்வே கேட்டைத் திறந்துகொண்டிருந்த கேட்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், எங்க ஓடுறீங்க? அடுத்த ரயிலு ஆறு மணிக்குத்தான்லா."

"எம்புள்ள உள்ள இருக்கா. கை காட்டினேன், நிக்கலை."

"கை காட்டினா இப்ப யாரு நிக்கிறா? தோட்டத்து லயத்துப் பசங்க வர்ற ரயிலுக்கெல்லாம் கை காட்டுறானுங்க. ரெண்டு தடவ நிப்பாட்டி ஏமாந்துட்டாரு டிரைவரு. இப்ப அவரும் டாட்டா காட்டிட்டுப் போயிடுறாரு. செவப்புத் துணி காட்டணும்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"உங்க ஸ்கூலு பசங்கதான் டீச்சர்."

வளைவைத் தாண்டியதும் லாலான் புல்லில் நீலக் கூடை கிடந்தது. தங்கை கொடுத்தனுப்பிய முறுக்கு டின் திறந்து, ஜல்லியெல்லாம் முறுக்கு.

கேட்காரர் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. போன் பண்ணத் தன் கேட் குடிசைக்கு ஓடினார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே புல்லை விலக்கினேன். ஒவ்வொரு முறை விலக்கும்போதும் பயம். விலக்காமல் நகரவும் முடியவில்லை. இது நடந்து மூன்று வாரமாகிறது. இப்போதும் தண்டவாளம் அதிரும் சத்தம் கேட்டால், அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டு வந்துதான் இந்தப் பேனாவை எடுக்கிறேன்.

அவர் திரும்பி வந்தார்.

"அடுத்த ஸ்டேஷன்ல கேட்டுட்டேன் டீச்சர். ரயிலு வந்து போயிடுச்சாம். தனியா வந்த தமிழ்ப் புள்ள யாரும் எறங்கலையாம்."

"நல்லாப் பாத்தாங்களா?"

"பாத்தாங்களாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சரிவுக்குக் கீழே வாய்க்கால் ஓடியது. இருவரும் அதில் இறங்கினோம். கலங்கிய தண்ணீர் இடுப்பு வரை இருந்தது. அவர் ஒரு கம்பால் அடியைத் துழாவினார். கம்பு எதிலாவது தட்டி நிற்கும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறு மணி ரயில் எதிர்த்திசையிலிருந்து, ஈப்போ போகிற வழியில் வந்தது. சிவப்புத் துணி காட்ட அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அது தளர்ந்து தளர்ந்து, நடைமேடையில் போய் நின்றது. ஈரச் சேலையோடு ஓடினேன்.

வாசலில் ஒரு மலாய்க்கார அம்மா நின்றிருந்தார். ரயிலில் ஏறி இறங்கி நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், விற்கிறவர். பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. அவர் முன்னால் என் மகள். அவளுடைய சடை அந்த அம்மாவின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. நான் பக்கத்தில் வந்த பிறகே அதை விட்டார்.

"கூடை கெடச்சிச்சாம்மா?" என்றாள் மகள், இறங்கியதும்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலிலிருந்தபடியே அந்த அம்மா மலாயில் சொன்னார்: "கூடையைத் தூக்கிப் போட்டா. அடுத்து என்ன செய்வான்னு எனக்குத் தெரியும். கைக்கு அகப்பட்டது சடைதான், வலிச்சிருக்கும், கோவிச்சுக்காதே. நாங்க எறங்குன ஸ்டேஷன்ல தனியா வந்த பிள்ளையைத் தேடினாங்க. இவ எங்க தனியா வந்தா? என்கூடத்தானே இருந்தா."