அத்தான் படித்த ஸ்பானிஷ்

அக்காவின் கணவருக்குத் திக்குவாய். உதிரிபாகக் கிடங்கில் பதினெட்டு வருடமாக இருப்பு பார்க்கிறார். எந்த போல்ட் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். ஆனால் அத்தான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பது நாங்கள்தான். முக்கால்வாசி அக்கா, மிச்சம் நான். உதவி செய்கிறோமாம்!

ஸ்பானிஷ் பேசும் நாட்டிலிருந்து கிடங்குக்குச் சரக்கு வரத் தொடங்கியது. தொலைபேசியில் அவர்களோடு பேச ஓர் ஆள் வேண்டும், வகுப்பு நடக்கும், கடைசியில் தேர்வு என்றார்கள். அத்தான் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா குதித்தாள்.

"ஃபோன்ல பேசற வேலையா? நாலு பேர் சிரிக்கவா?"

"எ... எனக்கு அ... அது..."

"அது சரிப்படாது. விடுங்க."

அவர் விடவில்லை.

வகுப்பில் ஆசிரியை வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்து, மேசையில் தட்டிச் சொல்ல வைத்தார். அழுத்தம் விழும் அசைக்குத் தட்டு பலமாக விழ வேண்டும். 'வாழ்கிறேன்' என்றால் வீ-வோ. முதல் தட்டு பலம். 'வாழ்கிறோம்' என்றால் வி-வீ-மோஸ். பலம் நடுவுக்குப் போய்விடும். எல்லோரும் தட்டித் தட்டியே பேசியதால் அங்கே அத்தானை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசைதான் படாதபாடு பட்டது.

தேர்வன்று துணைக்கு அக்கா கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். பின்வரிசையில் உட்கார்ந்தோம். ஆசிரியை கேட்கக் கேட்க, அத்தான் விரலால் தட்டிக்கொண்டே நன்றாகத்தான் பதில் சொன்னார். நடுவில் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். அக்கா வழக்கம்போல முன்னால் சாய்ந்து வாயைத் திறந்தாள். எதைச் சொல்வாள்? ஒரு சொல்கூடத் தெரியாத மொழி. எனக்கும் அதே கதிதான். ஆசிரியை அவசரப்படாமல் காத்திருந்தார். அத்தான் மறுபடி தட்டினார். சொல் வந்தது. அடுத்ததும் வந்தது. முழுசாக முடித்தார். வேலை அவருக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா நான் உங்களைப் பேசவே விடலையா?"

அத்தான் வாயைத் திறந்தார். சொல் சிக்கிக்கொண்டது. 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்லப் போகிறார், அவர் சுபாவம் அப்படி. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நானும் அடக்கிக்கொண்டேன்.

பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

"ஆமா," என்றார் அத்தான். "விடல."