நாற்பதாவது கட்டை

பல் செட்டு செய்வது அவர் தொழில். அதனால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். பல் டாக்டர்களிடமிருந்து வாய் அச்சு வரும். மெழுகு உருக்கி, பிளாஸ்டர் ஊற்றி, பல் பல்லாகப் பொருத்திக் கொடுப்பார். மாலை ஐந்துக்குக் கடையைப் பூட்டினால் அதே பிளாஸ்டர், அதே குறடு, அதே பூதக்கண்ணாடியோடு வீட்டுப் பின்னறைக்குள் நுழைந்துவிடுவார். அங்கே மேசை முழுக்க ஒரு ரயில் நிலையம், ஒரு குன்று, குன்றை வெட்டிப் போன ஒற்றைத் தண்டவாளம். எல்லாம் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு.

“அந்தக் குன்றுல பாதி யாரோட ஈறோ,” என்பார் அவர் மனைவி. “என்னிக்காவது சொந்தக்காரங்க வந்து கேக்கப் போறாங்க.”

குட்டி ரயில் செய்கிறவர்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் கூடுவார்கள். அவர்களுக்கு ஒரே சட்டம்தான்: ஆளுக்கு ஒரு இடம், ஒரு நாள். அந்த இடத்தில் அந்த நாளில் ஓடாத வண்டி மேசையில் இருக்கக் கூடாது. இருந்தால், ஓய்வுபெற்ற சிக்னல்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து இன்ஜின்மேல் ஒட்டிவிடுவார். ‘வரவில்லை.’ அதில் இருப்பது அந்த ஒரே சொல். ஒரு முறை, தான் எடுத்துக்கொண்ட நாளுக்கு நாலு வருஷம் கழித்து வந்த டீசல் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டிய தையல்காரர், சீட்டு வாங்கிய அவமானத்தில் இரண்டு மாதம் தலைகாட்டவில்லை.

பல்லுக்காரர் எடுத்துக்கொண்டது ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆகஸ்ட் நாள். கல்குவாரிக் குடியிருப்பில் அம்மா இறந்துபோக, பதின்மூன்று வயது அக்கா ஒரு வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கு ரயிலேறி வந்த நாள். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார்.

“எந்த ரயில்லக்கா வந்தோம்?” என்று நாலு வயதில் கேட்டதிலிருந்து ஒரே பதில்தான். “கறுப்பு இன்ஜின். குப்குப்னு புகை. உன்னை ஜன்னல் பக்கம் உக்கார வச்சேன்.”

அந்தக் கறுப்பு இன்ஜினைச் செய்ய அவருக்குப் பதினாலு மாதம் பிடித்தது. எந்த வகை இன்ஜின், என்ன எண், விளக்கு எந்தப் பக்கம், புகைபோக்கி எவ்வளவு உயரம் என்று நான்கு பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டார். பாக்கி இருந்தது ஒரே ஒரு சந்தேகம்: அந்த வருஷம் பெட்டிகள் பழுப்பா, பச்சையா? ஆறு பேரும் சேர்ந்து வைக்கும் கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, சிக்னல்காரர் பழைய ரயில்வே சுற்றறிக்கைகளைத் தேடி நகலெடுத்துக் கடைக்கே கொண்டுவந்தார். ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

பல்லுக்காரர் ஒரு கையில் பாதி முடிந்த கீழ்த்தாடை செட்டோடு படித்தார். மண்சரிவு காரணமாக ஜூன் பதினொன்று முதல் நவம்பர் இறுதி வரை அந்தத் தடத்தில் எந்த வண்டியும் ஓடவில்லை.

திரும்பப் படித்தார். கையிலிருந்த செட்டு தரையில் விழுந்து இரண்டு பல் தெறித்தது. புகைபோக்கியை மயிரிழைக்கு அளந்தவர், அன்று வண்டி ஓடியதா என்று மட்டும் பார்க்கவில்லை. அக்கா சொன்னதற்கு அத்தாட்சி தேடவா தோன்றும்?

“வருஷம் தப்பா இருக்குமோ?” என்றார்.

“உங்க அம்மா இறந்த வருஷம் உமக்குத் தெரியாதா?” என்றார் சிக்னல்காரர் மெதுவாக.

இரண்டு தெரு தள்ளி அக்கா வீடு. எழுபத்தொரு வயதில் ஸ்டூல்மேல் நின்று திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தாள். “நல்ல நேரத்துல வந்தடா. இந்தக் கம்பியப் பிடி.”

பிடித்துக்கொண்டே கேட்டார். “அக்கா, அந்த வருஷம் ரயிலே ஓடல. நாம எப்படி வந்தோம்?”

அக்கா கடைசி வளையத்தையும் கோத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

“நடந்து.”

“பதினேழு மைலு!”

“ஸ்டேஷன் மாஸ்டர் இந்த மாசமே வண்டி கிடையாதும்மான்னுட்டார். குவார்ட்டர்ஸ்ல அடுத்த ஆளு சாமானோட வந்து நிக்கறான். எங்க திரும்பிப் போறது? தண்டவாளத்தப் பிடிச்சு நடந்தேன். உனக்கு ரயில்னா உயிரு, அதான் ரயில்னேன். நீ பொம்மையெல்லாம் செஞ்சு கண்காட்சி வைப்பேன்னு நான் கண்டேனா?”

பாவம், தூக்கிக்கொண்டே நடந்தாயா என்று ஏதோ முனகினார்.

“பூராவும் இல்ல,” என்றாள் அக்கா. ஸ்டூலை மடித்துச் சுவரில் சாய்த்தாள். “மண்ணு சரிஞ்ச இடத்துல உன்னை சிக்னல் கம்பத்துகிட்ட உக்கார வச்சுட்டுப் போயிட்டேன்.”

“எங்க?”

“எங்கயோ. தூக்கித் தூக்கிக் கை விட்டுப்போச்சுடா. யாராவது ரோந்துக்காரன் எடுத்துப்பான்னு நெனச்சேன். தண்டவாளத்துக்கு அடியில இருக்கற கட்டைய எண்ணிக்கிட்டே நடந்தேன். நீ கல்லால தண்டவாளத்தத் தட்டிக்கிட்டிருந்த. டிங்கு டிங்குன்னு கூடவே வந்துச்சு. நாப்பதாவது கட்டையில சத்தம் நின்னுபோச்சு. திரும்பிப் பாத்தா, கல்ல வாயில போட்டுக்கிட்டிருக்க. ஓடி வந்து விரல விட்டு எடுத்தேன். கடிச்சுட்ட.” வலது ஆள்காட்டி விரலைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “நீ அழுதிருந்தா திரும்பியிருக்க மாட்டேன். அழுகைக்குப் பயந்துதான் நடையே கட்டினேன்.”

அவர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் பின்னறைக்குப் போகவில்லை. நாலாம் நாள் உளியை எடுத்துக் குன்றின் ஒரு பக்கத்தை உடைத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி, பிளாஸ்டர் தூசிக்குள் நின்றவரைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துவந்தார்.

கண்காட்சியன்று அவர் மேசையில் ரயில் இல்லை. தண்டவாளத்தில் மண் விழுந்து கிடந்தது. சிக்னல்காரர் சட்டைப்பையில் கைவிட்டபடி இரண்டு முறை சுற்றிவந்தார். சீட்டு ஒட்ட இடமே இல்லை. சிக்னல் கம்பத்தடியில், கல்லால் தண்டவாளத்தைத் தட்டியபடி அரிசி அளவில் ஒரு குழந்தை. அங்கிருந்து சரியாக நாற்பதாவது கட்டையில் ஒரு பெண், குழந்தையைப் பார்த்தபடி.

அக்கா வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“இது தப்பு.”

“எதுக்கா?”

“நீ இன்னும் தட்டிக்கிட்டுதான இருக்க. சத்தம் நிக்கறவரைக்கும் நான் திரும்பல. இவ என்னமோ ஆரம்பத்துலேர்ந்தே உன்னையே பாத்துக்கிட்டிருக்கற மாதிரி நிக்கறா.”

“பாக்கறவங்களுக்கு…”

“ஒரு இடம், ஒரு நாள்னு ஊருக்கெல்லாம் சொல்வியேடா.”

ஆள்காட்டி விரலாலும் கட்டை விரலாலும் அந்தப் பெண்ணைப் பிடித்து முறுக்கினாள். பசை பிளந்து, காலடியில் கொஞ்சம் பெயின்ட் உதிர்ந்தது. இப்போது பெண்ணின் முதுகுதான் குழந்தைக்குத் தெரிந்தது.

பல்லுக்காரர் பையிலிருந்து பசைக்குழாயை எடுத்தார். அக்கா பொம்மையை அசையாமல் பிடித்துக்கொண்டாள். பெண்ணை அவள் திருப்பிவைத்தபடியே ஒட்டினார்.