மூலைமட்டத்தின் மேல் ஒரு பந்தயம்

அந்தத் தச்சருக்கு மூலைமட்டம் என்றே பெயராகிவிட்டது. மரப்பிடியும் இரும்பு நாக்குமாக ‘ட’ போல இருக்கும் அந்தக் கருவி எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் சாப்பாட்டு மேசையின் மூலையில் அதை வைத்துப் பார்த்து, “ம்ஹும்” என்பார். அந்த “ம்ஹும்”முக்குப் பயந்தே விருந்துகள் குறைந்துபோயின.

மனைவியின் தம்பி கொத்தனார். தானே கட்டிய வீட்டின் சமையலறை மூலைக்கு மூன்று பலகைத் தட்டுகள் கேட்டிருந்தான். முதல் பலகை பின்சுவரோடு ஒட்டி உறவாடியது. பக்கச்சுவரோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. இடுக்கில் கட்டெறும்பு குடும்பத்தோடு குடியேறலாம்.

“உன் சுவரு கோணல்டா.”

“சுவரு வச்ச எடத்துலதான் நிக்குது மாமா. உங்க வெட்டப் பாருங்க.”

“என் வெட்டுல கோணல் இருந்தா இந்த மட்டத்த உன்கிட்டயே குடுத்துடறேன். இனி ஒருத்தன் வீட்டு மேசையையும் அளக்க மாட்டேன்!”

கல்யாணமான நாளிலிருந்து கணவன் பக்கமே நின்ற அக்காவுக்கு, தம்பி ஜெயித்தால் தேவலை என்று தோன்றியது.

வாசலில் கட்டிங் மெஷின். தன் வெட்டு நேர்தான் என்று காட்ட, தச்சர் ஒரு துண்டுப் பலகையை மெஷினின் பின்தடுப்பில் சாய்த்து, பிளேடை இறக்கினார். இரண்டான துண்டுகளில் ஒன்றை மட்டும் குப்புறப் புரட்டி, வெட்டோடு வெட்டைச் சேர்த்துத் தடுப்பில் ஒட்டி வைத்தார். நேரான வெட்டென்றால் முடி நுழையக்கூடாது. இங்கோ வெளிச்சமே ஆப்பு மாதிரி நுழைந்தது.

மூலைமட்டத்தைப் பிளேடுக்கும் தடுப்புக்கும் நடுவே வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

“மட்டம் சரிங்குது. பலகைக்கு உங்க மேல என்ன கோவம் மாமா?”

தச்சர் மட்டத்தையே சோதிக்கத் துணிந்தார். வேறொரு பலகையின் நேரான விளிம்பில் மட்டத்தைப் பிடித்து ஒரு கோடு. அதே புள்ளியில் மட்டத்தைப் புரட்டிப் பிடித்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, கோபித்துக்கொண்ட தம்பதி போல விலகிப் போயின. கோணல் மட்டத்தை நம்பி அவர் மெஷினைத் திருத்தி வைத்திருக்கிறார்.

“பழைய வீட்டு ஜன்னல் இறுகினப்போ இதாலதானே நெம்புனீங்க?” என்றாள் மனைவி. “அப்பவே சொன்னேன்.”

மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. முகத்தில் ஈயாடவில்லை.

“என்னடா?”

“அக்கா... சமையக்கட்டு மூலைக்கு மொதக் கல்லு வைக்க, இதத்தான் இரவல் வாங்கிட்டுப் போனேன்.”

அக்கா உள்ளே போய்ப் பலகையைக் குப்புறப் புரட்டித் தள்ளினாள். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. பளபளவென்ற மைக்கா ஒட்டிய பக்கம் மட்டும் அடியில் போயிருந்தது.

“பரவால்ல. குனிஞ்சு பாத்தா அழகாத்தான் இருக்கும்” என்றாள்.

தச்சர் சொன்ன சொல் தவறாமல் மட்டத்தை நீட்டினார். மைத்துனன், தீ பட்டவன் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வேறு வழியில்லாமல் அதைத் தரையில் வைத்துவிட்டு, மெஷினையாவது நேராக்குவோம் என்று தடுப்பின் திருகில் ஸ்பேனரைப் போட்டார்.

“ஐயோ மாமா, தொடாதீங்க!” மைத்துனன் பாய்ந்து வந்தான். “இன்னும் ரெண்டு தட்டு வெட்டணும்!”