ஹோசியாவின் அம்மா முனகிய பாட்டு

வெர்லீன் பாஸ்கம்பின் கைகளுக்கு இரண்டு வேலை. வாரநாளில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஒரு சலவைக்கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவது. ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் நீபோ சபையில் ஆர்கன் வாசிப்பது. ஆர்கன் முன்னால் உட்காரும்போதுதான் தானும் ஒரு ஆள் என்ற நினைப்பு அவளுக்கு வரும்.

அந்த இடத்துக்குத்தான் இந்தக் கோடையில் ஆபத்து வந்திருந்தது.

"ரேடியோவுல வர்ற அந்த சோல் காதல் பாட்டோட சாயல் துளி கேட்டாலும், சிஸ்டர், வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று மூப்பர் ஹோசியா விட்லோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவர் கோபம் லுராலீன் கிளான்டன் மேல். இதே சபையின் பாடகர் குழுவில் வளர்ந்து, ஆண்டவரை விட்டுவிட்டுக் காதலைப் பாடப் போனவள். அவள் பெயரைக்கூட அங்கே யாரும் எடுப்பதில்லை. அவளுடைய புது இசைத்தட்டோ வெர்லீன் வீட்டில் ஓயாமல் சுழன்றது.

அதில் பாதி லுராலீனே எழுதிய பாட்டுகள். மீதி மற்றவர்களின் பாட்டுகள்.

"சொந்தப் பாட்டு சரி. மத்தவன் பாட்டைப் பாடுறதுல என்ன பெருமை? அடுத்தவன் கோட்டை மாட்டிக்கிட்டு நடக்கற மாதிரி" என்றான் கணவன் ஆர்லிஸ்.

"உங்கண்ணன் கோட்டைப் போட்டுக்கிட்டுத்தானே என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

"அது எனக்கு நல்லாப் பொருந்திச்சு, புள்ள."

"இதுவும் அப்படித்தான்."

சொந்தப் பாட்டுகளில் லுராலீன் வாயாடி. 'உன் சட்டைகளை மடிச்சு வச்சிருக்கேன், கிளம்பு' என்று ஒருவனை விரட்டுவாள். அதை முணுமுணுத்தபடி வெர்லீன் கடையில் காலர்களை அழுத்துவாள். ஆனால் வெர்லீனை அசையாமல் உட்காரவைத்துவிட்டது ஒரு வெள்ளைக்காரக் கிராமியப் பாடகனின் பாட்டு. ரயிலேறிப் போன காதலியைப் பற்றியது. அவன் அதைக் குதிரை ஓட்டத்தில் பாடியிருந்தான். லுராலீன் நடக்கவிட்டாள். 'இனி வரமாட்டாய்' என்ற இடத்தில் நின்றேவிட்டாள். வாத்தியங்களும் காத்திருந்தன. அந்த இடைவெளியில் அவள் மூச்சிழுப்பது தட்டில் கேட்கும். அதை அழிக்காமல் விட்டவர்களை வெர்லீன் மனதுக்குள் வாழ்த்துவாள்.

ஆகஸ்டின் முதல் ஞாயிறு. நல்ல வெக்கை, எல்லார் கையிலும் விசிறி. ஹோசியா ஜெபித்தார், அவர் குரலுக்கு அடியில் வெர்லீனின் ஆர்கன் மெல்ல ஒலித்தது. அவர் ஜெபம் நீண்டுகொண்டே போனது. கண்ணை மூடியிருந்தவளின் விரல்கள் தாமாகவே ஒரு மெட்டைப் பிடித்தன. எந்த மெட்டு என்று அவளுக்கு உறைத்தபோது பாதி தாண்டியாயிற்று. நிறுத்தினால் எல்லாத் தலையும் நிமிரும். வேறு வழியில்லை, வாசித்தாள். லுராலீன் நின்ற இடத்தில் அவள் விரல்களும் நின்றன.

அந்த அமைதியில் ஹோசியாவின் ஜெபம் வார்த்தையில்லாமல் ஆனது. "ம்ம்ம்..." என்று அவர் நெஞ்சிலிருந்து முனகினார். முன் வரிசைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு சபை முழுவதும். விசிறிகள் நின்றுபோயின.

ஆராதனை முடிந்து, கீழறையில் வறுத்த கோழி பரிமாறும்போது ஹோசியா ஈரக் கண்களோடு வந்தார்.

"சிஸ்டர், அந்தப் பழைய பாமாலை! எங்கம்மா பருத்திக் காட்டுல முனகுவாங்க. அதுக்கு என்ன பேரு?"

"எங்க வீட்லயும் கேட்டிருக்கேன்" என்றாள் ஒருத்தி.

மறந்துபோச்சு என்றால் போதும், ஆர்கன் பிழைத்துவிடும். ஆர்லிஸ் மெல்வதை நிறுத்திவிட்டுக் கண்ணால் கெஞ்சினான். ஆனால் சபையே சேர்ந்து முனகிய பாட்டை, பாடியவள் பெயரில்லாமல் எப்படி விடுவது?

"பாமாலை இல்ல, மூப்பரய்யா. லுராலீனோட புதுத் தட்டுல இருக்கு. ஒரு வெள்ளைக்காரரோட காதல் பாட்டு."

ஹோசியாவின் மனைவி ப்யூலாதான் முதலில் சிரித்தாள். "உங்கம்மா காதல் பாட்டா முனகுனாங்க? மாமனார் கேட்டிருக்கணும்!"

ஹோசியா சிரிக்கவில்லை. கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைத்தார்.

"அந்தப் பொண்ணு சின்னதுல, முன் வரிசையில எங்கம்மா மடியிலதான் உக்காந்திருக்கும்," என்றார். "பாட்டு எவனோடதா வேணா இருக்கட்டும். அந்த நிறுத்தம் எங்கம்மாவோடது. அதை அங்கிருந்துதான் லுராலீன் எடுத்திருக்கா."

மூப்பர் வாயிலிருந்து அவள் பெயர் மீண்டும் வந்தது அப்போதுதான்.

"அப்போ அடுத்த ஞாயிறு நான்..." என்று வெர்லீன் இழுத்தாள்.

"வராம எங்க போவே? என் ஜெபத்துக்கு யார் வாசிக்கிறது?" என்று அதட்டிவிட்டு, குரலைத் தணித்தார். "வரும்போது அந்தத் தட்டையும் கொண்டா. பேப்பர்ல சுத்தி."